ஹைட்ரஜன் லாரிகள், பேருந்துகள்: இந்தியச் சாலைகளில் சோதிக்கப்படுவது எது? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: ஹைட்ரஜனில் இயங்கும் சரக்கு லாரிகளின் சோதனை ஓட்டத்தை, 2025 மார்ச் 4-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரியும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷியும் டெல்லியில் கொடியசைத்துத் தொடங்கி வைத்தனர். டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் 16 வாகனங்கள், 24 மாதங்கள் வரை உண்மையான சரக்குச் சுமையுடன் சாலைகளில் ஓடி, தங்கள் திறனை நிரூபிக்க வேண்டும் என்பதே இந்தச் சோதனையின் நோக்கம்.

அதே மாதத் தொடக்கத்தில், தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கீழ் போக்குவரத்துக்கான ஐந்து முன்னோடித் திட்டங்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மொத்தம் 37 பேருந்துகளும் லாரிகளும் 10 வழித்தடங்களில் இயக்கப்படும். அவற்றுக்காக 9 எரிபொருள் நிரப்பு நிலையங்கள் அமைக்கப்படும். புனே-மும்பை, ஜாம்ஷெட்பூர்-கலிங்காநகர், புவனேஸ்வர்-கொனார்க்-பூரி, அகமதாபாத்-வதோதரா-சூரத், ஜாம்நகர்-அகமதாபாத், கிரேட்டர் நொய்டா-டெல்லி-ஆக்ரா, திருவனந்தபுரம்-கொச்சி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. டாடா மோட்டார்ஸ், அசோக் லேலண்ட், ரிலையன்ஸ், என்.டி.பி.சி., மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், கேரள அரசின் அனெர்ட் முகமை ஆகியவை பங்கேற்கின்றன.

இதற்காக மத்திய அரசு வழங்கும் நிதியுதவி சுமார் ரூ.208 கோடி. நிலையங்களுக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு வாகனத்துக்கு ஐந்தரைக் கோடி ரூபாய்க்கும் மேல் பொதுப்பணம் செலவாகிறது. இவ்வளவு பணம் செலவிட்டு நாடு தெரிந்துகொள்ள விரும்புவது என்ன?

ஹைட்ரஜனில் ஒரு வண்டியை ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. இப்போதைய சோதனைக்கு உள்ளாவது வாகனம் மட்டுமன்று. அதற்குப் பின்னால் நிற்கும் மின்சாரம், மின்னாற்பகுப்பு ஆலை, அழுத்தக் கருவி, நிரப்பு நிலையம், பழுது நீக்கும் பணிமனை, கிலோ ஒன்றின் விலை ஆகிய அனைத்தும் சேர்ந்த சங்கிலியே சோதிக்கப்படுகிறது.

முன்பே ஓடிய வண்டிகள்:

வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ.என். ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, உலோகக் கலவைகளுக்குள் ஹைட்ரஜனை உறிஞ்சவைத்துச் சேமிக்கும் முறையில் மோட்டார் சைக்கிள்களையும் மூன்று சக்கர வாகனங்களையும் பல ஆண்டுகளுக்கு முன்பே இயக்கிக் காட்டியது. 2012 ஜனவரியில் டெல்லி பிரகதி மைதானத்தில், மஹிந்திரா நிறுவனமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் ஆதரவுடன் உருவாக்கிய 15 ஹைட்ரஜன் ஆட்டோக்கள் அறிமுகமாயின.

அதற்கு அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு நிகழ்வு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோவின் திரவ உந்துகை அமைப்பு மையத்தில், 2013 ஜூலை 28-ஆம் தேதி, டாடா மோட்டார்ஸுடன் இணைந்து உருவாக்கப்பட்ட எரிபொருள் கலப் பேருந்து ஓட்டிக் காட்டப்பட்டது. கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜின்களுக்காக மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாண்டு பழகிய விஞ்ஞானிகளுக்கு, அதே வாயுவைப் பேருந்தின் கூரைமேல் ஏற்றுவது அந்நியமான வேலையாக இருந்திருக்காது.

2020 அக்டோபரில் டெல்லி ராஜ்காட் பணிமனையில், 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த இயற்கை எரிவாயுவில் 50 பேருந்துகளை இயக்கும் சோதனை தொடங்கியது. 2022 ஆகஸ்டில் புனேயில், கே.பி.ஐ.டி. நிறுவனமும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய எரிபொருள் கலப் பேருந்து வெளியிடப்பட்டது. அந்த ஆராய்ச்சியில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் இந்தியன் ஆயிலின் இரு பேருந்துகள் டெல்லி கடமைப் பாதையிலிருந்து கொடியசைத்து அனுப்பப்பட்டன.

ஏறத்தாழ ஒவ்வோர் அறிமுகத்தின்போதும் ‘இந்தியாவின் முதல்’ என்ற அடைமொழி இடம்பெற்றது என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். முதல்முறை ஓடுவதில் இருக்கும் கவர்ச்சி, ஆயிரமாவது நாள் ஓடுவதில் இருப்பதில்லை. எனினும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் தேவைப்படுவது அந்த ஆயிரமாவது நாளின் கணக்குதான்.

இரு வகை இயக்கம்:

ஒப்புதல் பெற்ற 37 வாகனங்களில் 15 எரிபொருள் கலத்தால் இயங்குபவை. 22 ஹைட்ரஜனை நேரடியாக எரிக்கும் என்ஜின் கொண்டவை. இரண்டும் ஒரே வாயுவைப் பயன்படுத்தினாலும், அடிப்படையில் வெவ்வேறு தொழில்நுட்பங்கள்.

எரிபொருள் கலத்தில் எதுவும் எரிவதில்லை. மெல்லிய சவ்வு ஒன்றின் ஒருபுறம் ஹைட்ரஜன் வந்து சேர்கிறது. அங்குள்ள பிளாட்டினம் வினையூக்கி, ஹைட்ரஜனைப் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கிறது. புரோட்டான்கள் சவ்வு வழியாக மறுபுறம் செல்கின்றன. சவ்வைக் கடக்க இயலாத எலக்ட்ரான்கள் கம்பி வழியாகச் சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றுதான் மோட்டாரை இயக்கும் மின்சாரம். மறுபுறத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஆகவே இது ஒரு மின்சார வாகனமே. மின்சாரத்தைச் சேமித்து எடுத்துச் செல்வதற்குப் பதிலாக, ஓடும்போதே தயாரித்துக்கொள்கிறது.

ஹைட்ரஜன் என்ஜினின் அமைப்பு நமக்குப் பழகியது. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் தண்டு எல்லாம் அப்படியே உள்ளன. எரிபொருளைச் செலுத்தும் இன்ஜெக்டர், தீப்பொறி அமைப்பு, எரிகலன் வடிவம் ஆகியவை மாற்றப்படுகின்றன. ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் உருவாக்கிய இத்தகைய லாரி, 2023 பிப்ரவரியில் பெங்களூரு இந்திய எரிசக்தி வார விழாவில் அறிமுகமானது. டாடாவின் சோதனையிலும் பிரைமா வரிசை லாரிகள் இந்த இரு வகைகளிலும் ஓடுகின்றன. ஒருமுறை நிரப்பினால் 300 முதல் 500 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியவை என்று நிறுவனம் தெரிவித்துள்ளது.

என்ஜின் வகைக்கே கூடுதல் எண்ணிக்கை ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. இருக்கும் தொழிற்சாலைகளையும் இருக்கும் மெக்கானிக்குகளையும் கொண்டு அதைத் தயாரிக்கலாம், பராமரிக்கலாம். பிளாட்டினமோ, இறக்குமதிச் சவ்வோ தேவையில்லை. ஹைட்ரஜனின் தூய்மை சற்றுக் குறைந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். எரிபொருள் கலத்துக்கு அந்தச் சகிப்புத்தன்மை இல்லை. 99.97 சதவீதத் தூய்மை வேண்டும். கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இல்லையெனில் வினையூக்கி மெல்ல மெல்லச் செயலிழக்கும்.

என்ஜினுக்கும் குறை உண்டு. அதிக வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. எனவே ‘நீராவி மட்டுமே வெளிவரும்’ என்ற வாசகம் எரிபொருள் கல வாகனத்துக்குப் பொருந்தும். என்ஜின் வகைக்கு முழுமையாகப் பொருந்தாது. அதன் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு எவ்வளவு காலம் சரியாக வேலை செய்கிறது என்பதும் இந்தச் சோதனையில் அளக்கப்பட வேண்டிய ஒன்று.

வெயிலும் தூசியும் மலையும்:

வெளிநாட்டுச் சாலைகளில் தேறிய தொழில்நுட்பத்தை ஏன் மீண்டும் இங்கே சோதிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். விடை ரேடியேட்டரில் இருக்கிறது.

டீசல் என்ஜினில் உருவாகும் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். மீதியை 90 டிகிரிக்கு மேல் சூடான குளிர்விப்பு நீர் ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. எரிபொருள் கலம் 60 முதல் 80 டிகிரி வரைதான் இயங்கும். அதிலிருந்து வெளியேறும் காற்று அதிக வெப்பத்தைச் சுமந்து செல்வதில்லை. ஏறக்குறைய எல்லா வெப்பமும் ரேடியேட்டர் வழியாகவே வெளியேற வேண்டும். வெளியே 45 டிகிரி வெயில் அடிக்கும்போது, 95 டிகிரி டீசல் என்ஜினுக்கும் காற்றுக்கும் இடையே 50 டிகிரி வேறுபாடு இருக்கும். 70 டிகிரியில் இயங்கும் எரிபொருள் கலத்துக்கு அந்த வேறுபாடு 25 டிகிரிதான். வேறுபாடு பாதியானால், அதே வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ இரு மடங்கு பெரிய ரேடியேட்டரோ, மிக வேகமான மின்விசிறியோ தேவை. மின்விசிறி, கலம் தயாரிக்கும் மின்சாரத்தையே தின்னும்.

ஐரோப்பாவின் குளிரில் பெரிதாகத் தெரியாத இந்தச் சிக்கல், மே மாத நண்பகலில், முழுச் சுமையுடன், புனே-மும்பை வழியிலுள்ள போர் காட் மலைப்பாதையில் ஏறும் லாரிக்குப் பெரும் சோதனையாகும். வேகம் குறைவாக இருப்பதால் எதிர்க்காற்றும் கிடைக்காது. அந்த ஏற்றத்தில் கலம் தன் முழுத் திறனைத் தருகிறதா, அல்லது தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்கிறதா என்பது காகிதத்தில் தெரியாது.

அடுத்தது காற்று. எரிபொருள் கலம் ஆக்சிஜனுக்காக வெளிக்காற்றை இடைவிடாமல் உறிஞ்சுகிறது. டெல்லியின் குளிர்காலக் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வினையூக்கியைப் பாதிக்கக்கூடியவை. பூரி, கொனார்க் கடற்கரையில் உப்புக் காற்று. ஜாம்ஷெட்பூர்-கலிங்காநகர் வழியில் சுரங்கத் தூசி. தூசியை மட்டும் தடுக்கும் சாதாரண வடிகட்டி போதாது. வாயுக்களையும் பிடித்துவைக்கும் வேதி வடிகட்டி தேவை. அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை இந்தியச் சாலைதான் சொல்ல வேண்டும்.

வெப்பத்துக்கு நேரெதிர் முனையில் இருக்கிறது லடாக்கின் லே நகரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், என்.டி.பி.சி. நிறுவனத்தின் ஐந்து எரிபொருள் கலப் பேருந்துகளை உள்ளடக்கிய திட்டம் 2024 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. பேருந்துகளைத் தயாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட். 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையமும் நிரப்பு நிலையமும் உடன் அமைக்கப்பட்டன. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். போதிய ஆக்சிஜனைப் பெற, பேருந்தின் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும். இரவில் வண்டி நின்றபின் கலத்துக்குள் எஞ்சும் நீர் உறைந்தால் சவ்வு சேதமடையும். ஆகவே வண்டியை நிறுத்தும்போதே உள்ளிருக்கும் நீரை வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும்.

ஆயினும் லே இத்திட்டத்துக்கு ஒருவகையில் பொருத்தமான இடம். வெயிலுக்குக் குறைவில்லை, டீசலை மலையேற்றிக் கொண்டுவருவது செலவுமிக்கது, கடுங்குளிரில் பேட்டரிகளின் திறனும் குறையும். பேருந்துகள் ஊருக்குள்ளேயே ஓடித் திரும்புவதால் ஒரே நிரப்பு நிலையம் போதும்.

தொட்டியும் தீயும்:

ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் டீசலைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ வாயு 11 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே பேருந்துகளில் 350 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 350 மடங்கு அழுத்தத்தில், கார்பன் இழை சுற்றிய உருளைகளில் அடைக்கிறார்கள். கார்களில் 700 பார். அவ்வளவு அழுத்தியும் ஒரு லிட்டர் கொள்ளளவில் 350 பாரில் சுமார் 24 கிராமும், 700 பாரில் சுமார் 40 கிராமும்தான் அடங்கும்.

இத்தனை அழுத்தத்தில் ஓர் எரிவாயு தலைக்குமேல் இருக்கும்போது பயணிகளுக்கு அச்சம் எழுவது இயல்பே. எரிபொருள் கல வாகனங்களுக்கென ‘ஏ.ஐ.எஸ். 157’ என்ற பாதுகாப்புத் தரநிலையை மத்திய அரசு 2020 செப்டம்பரில் அறிவித்தது. உருளைகளைக் கீழே போட்டுப் பார்ப்பது, ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலிசெய்வது, இயல்பு அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் தாங்குகிறதா எனப் பார்ப்பது, நேரடித் தீயில் வாட்டுவது எனப் பல சோதனைகள் இத்தகைய உருளைகளுக்கு உண்டு. தீயில் சிக்கினால் உருளை வெடிக்கக் கூடாது. வெப்பத்தை உணர்ந்து திறக்கும் வால்வு வழியாக வாயு ஒழுங்காக வெளியேற வேண்டும்.

ஹைட்ரஜனின் குணம் இருமுனைக் கத்தி. காற்றைவிட 14 மடங்கு இலேசானது. திறந்தவெளியில் கசிந்தால் மேலே சென்று கலைந்துவிடும். பெட்ரோல் ஆவியைப்போல் தரையில் தேங்குவதில்லை. ஆனால் காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். மிகச் சிறிய தீப்பொறியே போதும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானது. சமையல் எரிவாயுவில் கலப்பதுபோல் வாசனைப் பொருள் கலக்கவும் வழியில்லை. அது எரிபொருள் கலத்தைக் கெடுத்துவிடும். எனவே கசிவை மூக்கால் உணர முடியாது. உணர்கருவிகளையே நம்ப வேண்டும். கூரை மூடிய பணிமனையில் கசிவு ஏற்பட்டால் வாயு கூரைக்கடியில் சேரும் என்பதால், கட்டடங்களையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

நிரப்பு நிலையத்தின் பங்கு:

வெளிநாட்டு அனுபவத்தைப் பார்த்தால், வாகனத்தைவிட நிரப்பு நிலையமே அதிகம் தடுமாறியிருக்கிறது. 2019 ஜூனில் நார்வேயின் ஓஸ்லோ அருகே ஒரு நிலையத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. உயர் அழுத்தச் சேமிப்புத் தொட்டியில் ஒரு மூடியின் திருகாணிகள் சரியாக முறுக்கப்படாததே காரணம் எனத் தெரியவந்தது. வாகனத்துக்குச் சம்பந்தமே இல்லை. ஆயினும் நிலையங்கள் தற்காலிகமாக மூடப்பட்டதால், டொயோட்டாவும் ஹூண்டாயும் அந்நாட்டில் ஹைட்ரஜன் கார் விற்பனையை நிறுத்திவைத்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை 2024 பிப்ரவரியில் மூடியது. நிலையம் போனபின் அதை நம்பிக் கார் வாங்கியவரின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெட்ரோல் பங்க்கில் எரிபொருள் தரைக்கடித் தொட்டியிலிருந்து ஒரு பம்ப் மூலம் வந்துவிடும். ஹைட்ரஜன் நிலையத்திலோ வாயுவைப் பல நூறு பார் வரை அழுத்தும் கம்ப்ரசர், சேமிப்பு உருளைகள், நிரப்பும்போது வாயு சூடேறாமல் காக்கும் குளிர்விப்பான் ஆகியவை தேவை. இதில் ஒன்று பழுதானாலும் அன்றைய நாள் எந்த வண்டியும் புறப்படாது. ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை என்பதால், சில வகை எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்யும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. குழாய், வால்வு, இணைப்பு ஒவ்வொன்றும் அதற்கேற்ற உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும்.

வாயுவைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவருவதும் எளிதல்ல. எஃகுக் குழாய்கள் அடுக்கிய ஒரு பெரிய டிரெய்லர் சுமப்பது சில நூறு கிலோ ஹைட்ரஜனை மட்டுமே. மீதி எடை இரும்பு. இதனால் ஆலையும் நிலையமும் அருகருகே இருக்கும் இடங்களிலேயே கணக்கு கட்டுப்படியாகும். சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், எஃகு ஆலை ஆகியவற்றை ஒட்டிய வழித்தடங்கள் தேர்வானதன் பின்னணி இதுவே.

விலைக் கணக்கு:

இந்தியன் ஆயில் 2024 மே மாதம் சோதனைக்காக ராணுவத்திடம் ஒரு பேருந்தை ஒப்படைத்தது. 37 இருக்கைகள் கொண்ட அந்தப் பேருந்து, 30 கிலோ ஹைட்ரஜனில் 250 முதல் 300 கிலோமீட்டர் ஓடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதாவது 100 கிலோமீட்டருக்கு 10 முதல் 12 கிலோ.

ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால், மின்சாரத்துக்கு மட்டும் ரூ.250 முதல் ரூ.275 வரை. கருவிகளின் மூலதனச் செலவு, அழுத்துதல், நிரப்புதல் எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சமாகக் கிலோ ரூ.400 என்று கொண்டாலும், பேருந்து 100 கிலோமீட்டர் ஓட ரூ.4,000-க்கு மேல் ஆகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்துக்கு, லிட்டர் ரூ.90 வீதம் ரூ.2,250. பேட்டரிப் பேருந்துக்கு, கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் என்ற கணக்கில் சுமார் ஆயிரம் ரூபாய். இவை தோராயமான எண்கள். கட்டணம், வழித்தடம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆனால் இடைவெளியின் அளவு இவற்றிலேயே தெரிகிறது.

இடைவெளிக்குக் காரணம் இயற்பியல். 100 யூனிட் சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கும்போது சக்கரத்தை அடைவது 30 யூனிட்டுக்கும் குறைவு. பேட்டரி வழியாகச் சென்றால் 70 யூனிட்டுக்கு மேல் சேரும். மின்னாற்பகுப்புக் கருவியின் விலை எவ்வளவு குறைந்தாலும் இந்த இழப்பு பெரிதாக மாறாது.

தூய்மையும் வாயுவின் பிறப்பிடத்தைப் பொறுத்ததே. இந்தியாவில் இன்று சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் பயன்படுத்தும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கிலோ ஒன்றுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மேற்கண்ட பேருந்து ஒரு கிலோவில் 8 முதல் 10 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்கு டீசல் பேருந்து வெளியிடுவது சுமார் 6 கிலோதான். நிலக்கரி அதிகம் கலந்த பொது மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் எடுத்து ஹைட்ரஜன் தயாரித்தால், கிலோவுக்கு 35 கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு என்ற நிலை வரும். ஆகவே, 2023 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த வரையறை முக்கியமானது. கிலோ ஒன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் உமிழ்வு இருந்தால் அதைப் ‘பசுமை’ என்று அழைக்க முடியாது.

ஒரு முரணையும் இங்கே குறிப்பிடலாம். 2025 மே மாதம் சத்தீஸ்கரில் அதானி குழுமம் ஹைட்ரஜன் எரிபொருள் கல லாரியை அறிமுகப்படுத்தியது. 40 டன் வரை சுமந்து 200 கிலோமீட்டர் செல்லும் திறன் கொண்ட அந்த லாரிக்குத் தரப்பட்ட பணி, கரே பெல்மா சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிச் செல்வது.

லாரிக்கு மட்டும் ஏன் வாய்ப்பு?

இத்தனை பாதகங்கள் இருந்தும் அரசும் நிறுவனங்களும் ஹைட்ரஜனைக் கைவிடாததற்குக் காரணம் நெடுந்தூரக் கனரகச் சரக்குப் போக்குவரத்து. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது; டீசலின் பெரும் நுகர்வோர் லாரிகள். 500 யூனிட் திறனுள்ள பேட்டரி ஏறத்தாழ 3 டன் எடை பிடிக்கும். அந்த அளவுக்குச் சரக்கு குறையும். மின்னேற்றத்துக்கு நிற்கும் நேரமும் லாரி உரிமையாளருக்கு இழப்பு. ஹைட்ரஜனை 10, 15 நிமிடங்களில் நிரப்பிவிடலாம்.

ஆனால் பேட்டரி காத்திருக்கவில்லை. அதன் விலை ஆண்டுதோறும் குறைகிறது. மின்னேற்ற வேகம் கூடுகிறது. நகரப் பேருந்துகளில் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். இரவில் பணிமனைக்குத் திரும்பும் பேருந்துக்கு ஹைட்ரஜன் தேவைப்படும் சூழல், லே போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு. அமெரிக்காவில் ஹைட்ரஜன் லாரிகளின் அடையாளமாக விளங்கிய நிகோலா நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியதும் முதலீட்டாளர்களை யோசிக்க வைத்திருக்கிறது. இந்தியாவின் 37 வாகனங்களில் உண்மையில் எதிர்பார்ப்புக்கு உரியவை லாரிகளே.

சோதனை முடிவில் பார்க்க வேண்டியவை:

ஒப்புதல் பெற்ற திட்டங்கள் 18 முதல் 24 மாதங்களுக்குள் செயல்பாட்டுக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதன்பின் வரும் அறிக்கைகளில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடின என்ற எண்ணே பெரிதாகக் காட்டப்படக்கூடும். அதைவிடப் பயனுள்ளவை வேறு. நூறு நாட்களில் எத்தனை நாள் வண்டி பணிக்குத் தயாராக இருந்தது? நிலையம் எத்தனை மணி நேரம் முடங்கிக் கிடந்தது? கோடையிலும் மழைக்காலத்திலும் ஒரு கிலோவில் எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது? பத்தாயிரம் மணி நேரம் ஓடியபின் எரிபொருள் கலத்தின் திறன் எவ்வளவு தேய்ந்தது? நிரப்பிய ஹைட்ரஜனில் உண்மையான பசுமை ஹைட்ரஜன் எவ்வளவு? பொதுப்பணத்தில் நடக்கும் சோதனை என்பதால், இந்த விவரங்கள் நிறுவனங்களின் கோப்புகளுக்குள் தங்கிவிடாமல் வெளியிடப்பட வேண்டும். தோல்வியடைந்த வழித்தடத்தின் தரவும் அடுத்த திட்டத்துக்கு மூலதனமே.

ஹைட்ரஜன் கார் வாங்கக் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: வேண்டாம். மானேசரில் உள்ள சர்வதேச வாகனத் தொழில்நுட்ப மையத்துடன் இணைந்து 2022 மார்ச் 16-ஆம் தேதி தொடங்கப்பட்ட டொயோட்டா மிராய் கார் திட்டம், இந்தியச் சாலைகளிலும் தட்பவெப்பத்திலும் அது எப்படி இயங்குகிறது என்று அறிவதற்கான ஆய்வு மட்டுமே. அதே மாத இறுதியில் அமைச்சர் கட்கரி அந்தக் காரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தார். கார் விற்பனைக்கு வரவில்லை. இப்போது திட்டமிடப்பட்டுள்ள 9 நிலையங்களும் சோதனைப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்குமானவை.